மஞ்சள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு நன்றி

எங்கள் மகள் இந்த ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளியை முடித்தாள். பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஒரு புறநகர். ஊர்ப் பெயர் வேண்டாம்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். பட்டமளிப்பு அன்று வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. "அப்பா அம்மா பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் எங்களைச் சேராது. சேர வேண்டியவர்கள் யார் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களை நேரில் போய்ப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, மைசூர்பாகும் கொடுத்துவிட்டு வந்தோம். இது நமக்காக எழுதுவது. நம் பிள்ளைகளுக்கு இங்கே கை கொடுப்பவர்கள் யார் என்று பொங்கல் விழாவிலும் பேசுவதில்லை, பிறந்தநாள் விருந்திலும் பேசுவதில்லை. எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து வந்து அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். வகுப்பு முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள். சாப்பாட்டு டப்பா கதை எல்லா வீட்டிலும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். அவளை அதிகம் வாட்டியது வேறு. கேலி செய்யக்கூட ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் வகுப்பு முடியும் நேரத்தில், உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாடத்தை எந்த மட்டத்தில் எடுக்கலாம் என்று ஒரு பரிந்துரைத் தாள் வந்தது. கணிதத்துக்கு மேல்மட்டம். ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் கீழ்மட்டம். வாத்தியார் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்று வளர்ந்தவர்கள் நாம்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தவர் மெட்கோ மிஸ். மெட்கோ திட்டத்தில் பாஸ்டனிலிருந்து பஸ்ஸில் இங்கே வந்து படிக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் பார்த்துக்கொள்பவர்.

மிஸ், உங்களுக்குத்தான் முதல் நன்றி. "இந்தப் பரிந்துரையை ஏற்காமலிருக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்ட மாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்" என்றீர்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள்: பள்ளி விட்டதும் அவள் உங்கள் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும், ஒரு நாளும் சாக்குச் சொல்லக் கூடாது. அந்த அறையில் ஒரு பழைய சோபா, ஒரு மைக்ரோவேவ், சுவரில், கறுப்பினப் பிள்ளைகளின் படிப்புக்காகப் போராடிய ரூத் பாட்சனின் படம். நான்கு வருடமும் எங்கள் மகளுக்குப் பள்ளி என்றால் அந்த அறைதான்.

மெட்கோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நம்மில் பலருக்கு அது காலையில் டார்செஸ்டர், மேட்டப்பேன், ராக்ஸ்பரி பக்கமிருந்து வரும் மஞ்சள் பஸ் மட்டும்தான். 1960களில் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் இடிந்து கிடந்தன. 1963-இல் ரூத் பாட்சன் நகரப் பள்ளிக் குழுவின் முன் நின்று இதையும், பிள்ளைகள் நிறத்தால் பிரிந்து கிடப்பதையும் சொன்னார். லூயிஸ் டே ஹிக்ஸ் தலைமையில் இருந்த அந்தக் குழு, தங்கள் பள்ளிகளில் அப்படி ஒரு பிரிவினையே இல்லை என்று கையை விரித்தது. 1965-இல் எலன் ஜாக்சன் என்ற அம்மாவும் அக்கம்பக்கத்துத் தாய்மார்களும் தாங்களே பணம் திரட்டி பஸ் பிடித்து, நகரத்தின் மற்ற பகுதிகளில் காலி இடம் இருந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். மறு வருடம், 1966-இல், மெட்கோ தொடங்கியது. முதலில் 220 பிள்ளைகள், ஏழு புறநகர்கள். இன்று பாஸ்டனிலிருந்தும் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தும் சுமார் 3,000 பேர் இப்படிப் புறநகர்ப் பள்ளிகளுக்கு வந்து படிக்கிறார்கள். செலவுக்கு மாநில அரசு பணம் தருகிறது.

மிஸ்ஸும் 1980களில் அந்த பஸ்ஸில் வந்து இதே மாதிரி ஒரு பள்ளியில் படித்தவர்தான். இன்று அவர் சம்பளம் வாங்குவது பாஸ்டன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. எங்கள் மகள் அவருடைய பட்டியலிலேயே இல்லாத பிள்ளை. பள்ளிக்குப் பத்து நிமிடத்தில் வீடு, அப்பாவுக்கு மென்பொருள் வேலை. "உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ" என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. மைக்ரோவேவில் சூடு பண்ண வந்த பிள்ளையை உட்காரச் சொன்னார், அவ்வளவுதான் ஆரம்பம்.

அடுத்து அந்த அக்காவுக்கு. இவள் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. புதுப் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்களைத் துணையாகக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று மிஸ்ஸின் அறையில் உண்டு. அக்கா மேட்டப்பேனிலிருந்து வருபவள். இருட்டில் எழுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கூடைப்பந்துப் பயிற்சி இருந்தால் வீடு திரும்பும்போதும் இருட்டிவிடும். அப்படி வருகிற பெண், ஏழு மணி வரை தூங்கிவிட்டு நடந்தே பள்ளிக்கு வருகிற என் பிள்ளைக்குத் துணை! எந்த ஆசிரியரிடம் எப்போது போய்ச் சந்தேகம் கேட்கலாம், சாப்பாட்டுக் கூடத்தில் எந்த மேசையில் உட்காரலாம், குழுவாகச் செய்யும் வேலையில் உன் பங்கை வேறு ஒருத்தி தன் பெயரில் சொன்னால் என்ன செய்வது, இதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. நம் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கடைசி வித்தை தெரியாது. அடக்கமாக இரு என்று சொல்லியே நாம் வளர்த்துவிடுகிறோம். "முதலில் கையைத் தூக்கு, அப்புறம் யோசி" என்பாளாம் அக்கா. எனக்கு அது அரை மனதுதான். ஆனால் பலன் கிடைத்தது.

அக்காவின் அம்மாவுக்கும் நன்றி. ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கு இவளைக் கூட்டிப் போனபோது, நான் தயங்குவதைப் பார்த்து, "சாயந்திரம் வந்து கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குள் நான் கடித்துத் தின்றுவிட மாட்டேன்" என்று சிரித்தார். "அந்தப் பக்கம் போகாதே" என்று புதிதாக வருகிறவர்களுக்கு நம் ஆட்கள் முதல் வாரத்திலேயே பாடம் எடுப்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வரலாற்று சாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு மடல் போதாது. அந்தப் பள்ளியில் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின ஆசிரியர்களில் ஒருவர். இந்தியா பற்றிய பாடம் வந்தால் வகுப்பே இவள் பக்கம் திரும்பிப் பார்க்கும். சாதி என்றால் என்ன, காந்தி ஏன் அப்படிச் செய்தார் என்று நூறு கோடிப் பேர் சார்பாக இவள் பதில் சொல்ல வேண்டும். சாரின் வகுப்பில் முதல் தடவை அப்படி நடந்தபோது, "அவள் தூதரகத்திலிருந்து வரவில்லை. பாடப் புத்தகத்தைத் திறங்கள்" என்றாராம். அன்று இரவு அவள் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

கட்டுரை திருத்துவதில் சார் கருணையே காட்ட மாட்டார். அவள் ஆத்திரத்தில் எழுதிக் கொண்டுபோனதை, "கோபம் சரி, ஆதாரம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் "ஏழைக் குடும்பம், கடின உழைப்பு" என்று கதை கட்டியிருந்தாள். அதை முழுவதும் அடித்துவிட்டு, தாத்தாவின் தீப்பெட்டி ஆபீஸைப் பற்றி எழுதச் சொன்னவர் அவர். எங்கள் ஊரைப் பற்றி அதற்கு முன் கேள்விப்பட்டிராத மனிதர், அவ்வளவு துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்.

அவருடைய பாட்டி ஜார்ஜியாவில் கறுப்பினப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நமக்குத் தெரியும். அதன் பிறகு தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலுமாக 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், அவர்களுடைய ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாரின் பாட்டியும் அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். இன்றும் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியர்களில் ஐந்தில் நான்கு பேர் வெள்ளையர். பிள்ளைகளில் அவர்கள் பாதிகூட இல்லை.

இதை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. டென்னசி மாநிலத்தில் 1980களின் நடுவில் தொடங்கிய ஒரு பெரிய வகுப்பறைச் சோதனையின் தரவைப் பொருளாதார அறிஞர்கள் பிற்பாடு எடுத்து ஆராய்ந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு, அப்படிப் படிக்காதவர்களைவிட 13 சதவீதம் அதிகமாக இருந்தது. நம்மைப் போன்ற ஒருவர் கரும்பலகை முன்னால் நிற்பதைப் பார்த்தாலே பிள்ளைக்கு ஏதோ ஒன்று புரிந்துவிடுகிறது. தமிழ்ப் பெண்ணுக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்றால், எங்கள் வீட்டில் பொருந்தியது என்பேன்.

அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாரின் அறை வாசலில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். கறுப்பினப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், ஒரு வியட்நாம் பையன், பிரேசிலிலிருந்து புதிதாக வந்த ஒருத்தி. நிறத்தால் ஏதாவது ஒரு சச்சரவு என்றால் நிர்வாகமும் அவரைத்தான் கூப்பிடும். கல்வித்துறைச் செயலராக இருந்த ஜான் கிங் 2016-இல் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்று எழுதினார். அந்த வரியை சார் மட்டும் கட்டவில்லை. அவர் மகனுடைய பேஸ்பால் ஆட்டங்கள் பலவற்றுக்கு அவர் போகவில்லை. எங்கள் பிள்ளையின் கட்டுரை மேசையில் இருந்தது. சாரின் மனைவிக்கும் மகனுக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடனுக்கு மைசூர்பாகு எந்த மூலைக்கு?

ஆங்கில ஆசிரியை வெள்ளைக்காரர். அவரை விட்டுவிட்டால் பாவம் என்னைச் சும்மா விடாது. 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளியில் காலடி வைத்தபோது, மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வெளியே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்கப் பாடம் நடத்தியவர் பார்பரா ஹென்றி, பாஸ்டனிலிருந்து போன வெள்ளைக்கார ஆசிரியை. எங்கள் ஆங்கில மிஸ் அந்த வழியில் வந்தவர். படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேல்மட்ட வகுப்பில் சேர்ந்த பெண் என்று இவளை அவர் இளக்காரமாகப் பார்க்கவில்லை. முதல் பரீட்சையில் சி வாங்கியபோது, "இது உன் மட்டம் இல்லை, இது செப்டம்பர் மாதம்" என்றார்.

மாலை பஸ் ஓட்டும் ஹெய்ட்டி நாட்டு அண்ணனுக்கும் நன்றி. பனி கொட்டிய ஒரு நாள் எங்கள் கார் கிளம்பவில்லை. இவள் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் போய்ச் சேரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தவர் அவர்.

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது நாம் என்ன ஆட்டம் போட்டோம்! அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டார்கள், நாம் இங்கே கேசரி கிளறினோம். நியாயம்தான், சியாமளா கோபாலனின் மகள். ஆனால் சியாமளா ஆய்வகத்தில் வேலை முடிந்து வரும்வரை அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், பெர்க்லியில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பின அம்மா. அவர் நடத்திய குழந்தைகள் காப்பகத்தின் சுவரில் ஹாரியட் டப்மன், பிரெடெரிக் டக்ளஸ் போன்றோர் படங்கள் மாட்டியிருக்கும். 2021-இல் பதவியேற்றபோது கமலா கை வைத்த பைபிள்களில் ஒன்று அந்த அம்மாவுடையது. கமலாவும் பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர்தான். அங்கே ஒன்றாம் வகுப்பு எடுத்த பிரான்சிஸ் வில்சன் என்ற ஆசிரியை, கமலாவின் சட்டப் படிப்புப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நம் வாட்ஸ்அப் குழுவில் இந்த இருவர் பெயரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் நமக்கு நினைவில் இருப்பதில்லை. 1946 முதல் இந்தியர்களுக்கு அமெரிக்கா கொடுத்த குடியேற்ற அனுமதி வருடத்துக்கு 100 பேர். அந்தக் கதவு அகலத் திறந்தது 1965 அக்டோபரில், அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபோய், உயிர்விட்டு 1964-இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965-இல் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கிய அதே காலத்தில், அதே அலையில் வந்தது அது. இங்கே நம் வீட்டுக் கடன் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லாமல் இருக்கலாம். கடன் இருக்கிறது.

இந்த மடலோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடப் போவதில்லை. மெட்கோவில் ஒவ்வொரு பாஸ்டன் பிள்ளைக்கும் இந்த ஊரில் ஒரு துணைக் குடும்பம் கொடுக்கிறார்கள். மாலையில் நாடக ஒத்திகை, மறுநாள் அதிகாலையில் போட்டி, திடீரென்று பனிப்புயல் என்றால் பிள்ளை தங்க ஒரு வீடு வேண்டுமே, அதற்கு. இந்த ஊரில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் அந்தப் பட்டியலில் நாம் அநேகமாக இல்லை. எங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறோம். மகள் ஆம்ஹர்ஸ்டில் கட்டடப் பொறியியல் படிக்கப் போகிறாள், மாடி அறை காலியாக இருக்கும். படிவம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். பள்ளிக் குழுக் கூட்டத்தில் வரவுசெலவு பேசும் இரவுகளில் நீங்களும் வாருங்கள். பேச ஆளுக்குச் சில நிமிடம் தருவார்கள். இதுவரை நம் ஆட்கள் அங்கே எழுந்து பேசியது கணிதப் பாடத்துக்காக மட்டும்தான்.

மெட்கோ மிஸ், சார், ஆங்கில மிஸ், அக்கா, அண்ணன், உங்கள் எல்லோருக்கும் எங்கள் நால்வரின் வணக்கமும் நன்றியும். மிஸ், ஒரு சேதி. சின்னவன் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறான். எங்கள் மகளைப் போல அமைதியான பிள்ளை இல்லை. அந்த சோபாவுக்கு என்ன ஆனாலும் நாங்கள் புதிது வாங்கித் தந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா