அழைப்புமணிப் பலகைப் பெயர்கள்

அன்புள்ள மலருக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் கட்டட வாசலில் இருக்கும் அழைப்புமணிப் பலகையைப் படமெடுத்து அனுப்பி, "இதில் யாரப்பா அசல் ஜெர்மன்காரர்?" என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாரைக் கிளப்பிவிட்டாய், இனி நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முல்லர், ஷ்மிட் இரண்டும் சுலபம். மாவு மில்காரர், கொல்லர். ஜெர்மன் தொழிற்பெயர்கள். அதற்குக் கீழே நோவாக், நாய்மன் என்று அடுத்தடுத்து இருக்கிறதே, எனக்கு அந்த ஜோடிதான் பிடித்தது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: ஊருக்குப் புதிதாக வந்தவர். முதலாவது ஸ்லாவிய மொழியில் (போலிஷ், செக் எல்லாம் அந்தக் குடும்பம்தான்), இரண்டாவது ஜெர்மனில். நீ இருக்கும் லைப்சிக் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் ஸ்லாவியர்கள் வாழ்ந்த நிலம். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து மேற்கே இருந்து ஜெர்மன் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினார்கள். பழைய ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை. பெரும்பாலோர் மெல்ல ஜெர்மன் பேசத் தொடங்கினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவர்களில் சோர்பியர்கள் என்ற ஒரு பிரிவினர் மட்டும் கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் இன்றும் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள்.

மேல்மாடி கிரெட்ஷ்மர் இன்னும் வேடிக்கை. சத்திரக்காரரைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லை எடுத்து, ஜெர்மன் வாய்க்கு ஏற்ப மாற்றி, ஜெர்மன் பெயராகவே ஆக்கியிருக்கிறார்கள். இதை எந்தப் பக்கம் சேர்ப்பாய்?

விகுதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் இறங்காதே. பியூலோ மாதிரி 'ஓ'வில் முடிபவை பெரும்பாலும் ஸ்லாவிய ஊர்ப்பெயர்கள், சரி. ஆனால் 'கே'யில் முடிகிறதே என்று லெம்கேயை ஸ்லாவியர் ஆக்கிவிடாதே. அது வட ஜெர்மனியின் செல்லப்பெயர் விகுதி. எழுத்தாளர் லெஸ்ஸிங்கோ தலைகீழ். கேட்டால் பச்சை ஜெர்மன், வேரோ காட்டைக் குறிக்கும் சோர்பியச் சொல் என்கிறார்கள். அவர் 1729-இல் பிறந்தது அதே லௌசிட்ஸின் காமென்ஸ் ஊரில்.

அதற்குப் பக்கத்து ஊர் புல்ஸ்னிட்ஸ். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரே நம் பாதிரியார் சீகன்பால்கு, அவர் பிறந்த ஊர். ஊரின் பெயர் ஸ்லாவியம், அவர் பெயரோ 'ஆட்டுத்தோல்' என்று பொருள்படும் ஜெர்மன்!

பெயரை வைத்து வம்சத்தைச் சொல்வதும் வீண். அங்கேலா மெர்க்கலின் தாத்தா போலந்தின் போஸ்னானில் பிறந்த கஸ்மியெர்சாக். 1930 வாக்கில் குடும்பப் பெயரைக் காஸ்னர் என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பேத்தி ஜெர்மனியின் சான்சலரானார். ஆகவே உன் 'அசல்' கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பலகையிலும் இல்லை.

ஆபீசில் எல்லாரும் உன்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாயே, அங்கும் அப்பன் பெயர் குடும்பப் பெயரான கதை ஏராளம். பீட்டர்ஸ், ஹான்சன் எல்லாம் அப்படி வந்தவைதான். தத்துவவாதி நீட்ஷேயின் பெயர்கூட நிக்கோலஸ் என்பதன் ஸ்லாவியச் சுருக்கத்திலிருந்து வந்ததுதான். அவரோ தன் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் என்று பெருமையடித்துக்கொண்டார்.

டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகும் ரயில் புல்ஸ்னிட்ஸில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா. அந்த ஊர் மசாலா கேக் பேர்போனது. ஊருக்கு வரும்போது இரண்டு பொட்டலம் வாங்கி வா. அம்மாவுக்குச் சர்க்கரை, அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா