வாய்க்காலில் கழுவப்படும் மருந்து: காலபோக விதைப்புக்கு முன் நடவடிக்கை வேண்டி மனு

அனுப்புநர்:
இரணைமடு வாய்க்கால்வழிக் கமக்காரரும் குடும்பத்தாரும்,
முரசுமோட்டை, கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவு.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், கிளிநொச்சி.

பொருள்: பீடைகொல்லி வெற்றுப் போத்தல்களைச் சேகரித்தல், வாய்க்காலில் தெளிகருவி கழுவுவதை நிறுத்துதல், கிணற்று நீரைப் பரிசோதித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வரம்பைத் தொடும்போது எத்தனையோ பேருடைய வயல்களைக் கடந்து வந்துவிட்டது. அதில்தான் எங்கள் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன, பிள்ளைகள் குளிக்கிறார்கள். வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளுக்கு ஊற்றும் அதுவே. இந்த மனுவை எல்லோருக்காகவும் எழுதும் நான் முப்பது போகத்துக்கு மேல் மருந்து அடித்தவன். வெற்றுப் போத்தலை என் கையாலும் வாய்க்காலில் எறிந்திருக்கிறேன். ஆகவே மேல்வாய்க்கால் கமக்காரர் எவர்மீதும் பழி சொல்ல இதை எழுதவில்லை.

கடந்த சிறுபோகத்தில் ஒரு நாள், உச்சி வெயில் நேரம். கூலிக்கு மருந்து அடித்த இளைஞர் ஒருவர் முதுகிலிருந்து தெளிகருவியை இறக்கி, வாய்க்காலில் அமிழ்த்திக் கழுவினார். பால் ஊற்றியது போலத் தண்ணீரில் வெள்ளை படர்ந்தது. மண்ணெண்ணெய் நெடி கரைவரை அடித்தது. சற்று நேரத்தில் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து, சுழன்று சுழன்று பக்கவாட்டில் சரிந்தன. இரண்டு கொக்குகள் இறங்கி அவற்றைக் கொத்தித் தின்றன. நூறு யார் தூரம் கீழே ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். அன்று பின்னேரம் அந்த இளைஞருக்கும் வாயூறி, உடம்பெல்லாம் வியர்த்து, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டார்.

மீனையும் மனிதனையும் வீழ்த்தியது ஒரே வேலைதான். சேதனப் பொசுபரசு வகை மருந்துகள், நரம்பு தன் செய்தியைச் சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெடுக்கும் கோலினெஸ்ரறேஸ் என்னும் நொதியத்தைக் கட்டிப்போடுகின்றன. செய்தி ஓயாமல் போய்க்கொண்டேயிருக்க, தசை இழுக்கிறது, மூச்சுத் திணறுகிறது. பூச்சிக்கும் கெண்டைக்கும் நமக்கும் அந்த நொதியம் பொது.

மருந்து தெளித்த இடத்திலேயே கிடந்து அழிந்துவிடும் என்று நாங்கள் நெடுங்காலம் நம்பினோம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டோம். நீரில் நன்றாகக் கரைவது மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. கிளைபோசேட் என்னும் களைகொல்லி போல மண்துகளை இறுகப் பிடித்துக்கொள்வது, மண் அரித்துப் போகும்போது சேற்றோடு சேர்ந்து தாழ்நிலத்தில் படிகிறது. சில வகைகளை வெயிலும் மண்ணின் நுண்ணுயிர்களும் சில வாரங்களில் சிதைத்துவிடுகின்றன. கொழுப்பில் கரைந்து எளிதில் சிதையாதவைதான் மிகக் கொடியவை. அவை உடம்பை விட்டு இலகுவில் வெளியேறுவதில்லை.

வன்னியின் முதியவர்களுக்கு டீ.டீ.ரி. என்னும் பூச்சிகொல்லி நினைவிருக்கும். மலேரியாக் காய்ச்சலுக்காக வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். அது அன்று உயிர்களைக் காத்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. நுளம்பு அதற்குப் பழகிவிட்டதால் 1970களின் நடுப்பகுதியில் அதைக் கைவிட்டு மலத்தியன் என்னும் வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள். ஆனால் டீ.டீ.ரி. மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். பாசியில் துளியாக இருப்பது, பாசியைத் தின்னும் சிற்றுயிரில் கூடி, சிறு மீனில் இன்னும் கூடி, மீனைத் தின்னும் ஆலாவிடமும் கூழைக்கடாவிடமும் போய்க் குவிகிறது. அந்தப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியதை உலகின் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பாலிலும் அது சேரும். அதற்காக எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை. நஞ்சை வாய்க்காலில் விடுவதை நிறுத்த வேண்டியவர்கள் நாங்கள். டீ.டீ.ரி. போலவே குளோரீன் கலந்த வகையைச் சேர்ந்த எண்டோசல்பான் என்னும் பூச்சிகொல்லியை இலங்கை 1998 இலேயே தடைசெய்தது. நெடுங்காலம் அழியாத நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் கீழ் உலக நாடுகள் அதைச் சேர்த்தது 2011 இல்தான். அந்தவகையில் எங்கள் நாடு முந்திக்கொண்டது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

எங்கள் வடிகால் நீர் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. எங்கோ குளிர் நாட்டிலிருந்து பறந்து வரும் பறவைக்கு முரசுமோட்டை வயலில் கழுவிய தெளிகருவி எட்டாது என்று எப்படிச் சொல்வது?

உரத்தையும் சொல்லவேண்டும். வெங்காயம், மிளகாய் செய்யும் மேட்டுநிலத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைத் தாய்மாருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் பல வீடுகளைத் தொட்டிருக்கிறது. அதற்குப் பீடைகொல்லிதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடின நீர், புளோரைட்டு, வெயிலில் உடல் வறளுதல், கட்மியம் போன்ற பார உலோகங்கள் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. ஆராய்ச்சி முடியட்டும் என்று கிணற்றைப் பார்க்காமல் இருப்பது நியாயமல்ல என்பதே எங்கள் முறையீடு.

மருந்தையும் உரத்தையும் தடைசெய்யுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை விலகுவதற்குள் எங்கள் பயிர் பட்ட பாட்டை நாங்கள் மறக்க மாட்டோம். அந்தத் துன்பம் எங்களுக்கு இன்னொரு முறை வேண்டாம்.

வேண்டுவது இவைதான். அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே, வாய்க்காலிலும் குளத்திலும் தெளிகருவி கழுவக்கூடாது என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, தண்ணீர் விடும் விதிகளோடு சேர்த்து அறிவியுங்கள். வெற்றுப் போத்தலை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் துளியும் வீணாகாது. இதைக் கமக்காரருக்குச் செய்து காட்ட விவசாயப் போதனாசிரியர்களை அனுப்புங்கள். கழுவித் துளையிட்ட போத்தல்களைப் போட ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் பூட்டுள்ள கம்பிக்கூடு ஒன்று வேண்டும். அவற்றை விற்ற கம்பனிகளே மீளப் பெற்று அகற்றட்டும். வெளியில் போட்டு எரிக்க மட்டும் யாரையும் விடவேண்டாம்; குளோரீன் கலந்த பொருள் அரைகுறையாக எரிந்தால் டயொக்சின் உண்டாகும், அதுவும் கொழுப்பில் தங்கும் நஞ்சு.

வாய்க்காலோரப் பொதுக் கிணறுகளை விதைப்புக்கு முன்பும் மாரி ஓய்ந்த பின்பும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதிக் கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். குளத்து யப்பான் மீனும் (திலாப்பியா) அடிச்சேறும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். கடல்வழியாகக் கள்ளத்தனமாக வரும், தமிழில் ஓர் எழுத்துமில்லாத போத்தல்களை 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கைப்பற்றப் பணியுங்கள். கூலிக்கு மருந்து அடிக்கும் இளைஞர்களுக்குக் கையுறையும் முகமூடியும் மானிய விலையில் கிடைக்க வழிசெய்து, போகத்துக்கு ஒரு முறை கோலினெஸ்ரறேஸ் இரத்தப் பரிசோதனைக்கும் ஒழுங்கு செய்யுங்கள்.

போத்தல் போடும் முதல் கம்பிக்கூட்டை வைக்க வாய்க்காலிலிருந்து தள்ளிய மேட்டுக்காணித் துண்டு ஒன்றைத் தரச் சம்மதித்திருக்கிறோம். வேலியும் கூரையும் எங்கள் சிரமதானம். தங்கள் அலுவலர் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்து அனுமதி தந்தால், விதைப்புக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் அனைவர் சார்பிலும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: பிரதேச செயலாளர், கண்டாவளை, பிரதி விவசாயப் பணிப்பாளர், கிளிநொச்சி, சுகாதார வைத்திய அதிகாரி.