அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது

ஆசிரியருக்கு வணக்கம்.

கதைகளுக்கு இவ்வளவு இடம் எதற்கு, அந்த இடத்தில் பயனுள்ள தகவல்களைப் போடலாமே என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. தகவல் முழுசாகக் கையில் இருந்தும் மனிதருக்கு அது போதாமல் போவதை என் வீட்டிலேயே பார்த்தவள் நான்.

அப்பா இறந்தபோது எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மாரடைப்பு, காலை 6.45 மணி, வயது 71. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா இதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்: முந்தின நாள் ராத்திரி மின்விசிறி சத்தம் போட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னது, விடியும் முன்பே எழுந்து மேசை மேல் கண் முன்னாலேயே இருந்த மூக்குக்கண்ணாடியைத் தேடியது. முதல் நாள் எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது, பாதியில் உடைந்து அழுதுவிடுவார். "போதும்மா, எத்தனை தடவை சொல்லுவே" என்று நானே ஒருமுறை தடுத்தேன். பெரியம்மாதான் "சொல்லட்டும், விடு" என்று என்னை அதட்டினார். நாலைந்து நாளில் அந்தப் பேச்சுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிட்டன, கண்ணாடியைத் தேடியது ஏதோ முன்னறிவிப்பு போல ஆகியிருந்தது, அம்மா கொஞ்சம் தூங்கவும் ஆரம்பித்திருந்தார்.

நடந்ததை நடந்தபடியே வைத்துக்கொள்ள மனசுக்குத் தெரியாது போலிருக்கிறது. யார், எதனால், அப்புறம் என்ன என்று கோத்துவிட்டால்தான் அதற்குப் பிடி கிடைக்கிறது. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு போலத் திறந்து மூடும் ஒரு பெட்டி, அவ்வளவுதான் படம். முகமும் கிடையாது, குரலும் கிடையாது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்ற எல்லோருக்கும் அவை உயிருள்ளவையாகத் தெரிந்தன. ஒன்று மிரட்டியது, ஒன்று பயந்து ஓடியது. கதை சொல்லுங்கள் என்று யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை.

பயன் என்ன என்று கேட்கும் அந்த வாசகருக்கு இதையும் சொல்ல வேண்டும். சுமாத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானோர் செத்துப்போனார்கள். தப்பியவர்கள் அதை 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பாட்டாகவும் பாடினார்கள்: நிலம் பலமாக ஆடும், கடல் உள்ளே போகும், அப்போது யோசிக்காமல் மேட்டுக்கு ஓடு. 1907ஐக் கண்ணால் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கதை இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியதும் ஊர் ஊராக மலைக்கு ஓடினார்கள். தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள், அலைக்குப் பலியானவர்கள் 7 பேர். எந்த எச்சரிக்கைக் கருவியும் அன்று அங்கே ஒலிக்கவில்லை. 'கரையிலிருந்து விலகவும்' என்று ஒரு பலகை எழுதி வைத்திருந்தால் 97 வருஷம் கழித்து அதை யார் படித்திருப்பார்கள்?

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் ஜுஹோன்சி என்ற பழங்குடி மக்களின் பேச்சைக் கேட்டு எழுதிய பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளரும், பகலில் அவர்கள் பிழைப்பையும் குறைகளையும் பற்றிப் பேசுவதாகவும், இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சில் சுமார் 80 விழுக்காடு கதைதான் என்றும் 2014இல் பதிவு செய்திருக்கிறார். வேலையெல்லாம் முடிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம் அது.

கதை உண்மையை அப்படியே வைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது வளைக்கும், சேர்க்கும், அதனால் ஏமாந்தவர்களும் உண்டு. அம்மாவின் கதையில் இப்போதெல்லாம் அப்பா கடைசியாக ஒருமுறை திரும்பி அவரைப் பார்க்கிறார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அப்பா திரும்பவில்லை. திருத்த எனக்கு வாய் வரவில்லை.

கதைப் பக்கத்தைத் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி