மலை முடியுற எடத்துல தண்ணி என்ன பண்ணுதுன்னா

அம்மு,

ப்ளைட் ஜன்னல்ல இருந்து நீ எடுத்து அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டேன், இறக்கைக்கு கீழ மொட்ட மலை, மலை முடியுற எடத்துல ஒரு சந்து, அந்த சந்து வாயில இருந்து யாரோ கூடை மண்ண தள்ளி விட்ட மாதிரி அரைவட்டமா விரிஞ்சு கெடக்கு. எரிமலை வழிஞ்சதாப்பான்னு கேட்டிருந்த. இல்லடா, அது தண்ணி செஞ்ச வேலை, வண்டல் விசிறின்னு சொல்லுவாங்க. போன்ல ரெண்டு வரில சொல்லி முடிக்க மனசு வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

மலைக்குள்ள இருக்குற வரைக்கும் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் பாறை சுவர், ஒதுங்க எடமே கெடையாது, அதனால ஆழமா வேகமா ஓடும், கல்லு மண்ணு எது கெடச்சாலும் இழுத்துட்டு வரும். சந்தத் தாண்டி சமவெளிக்கு வந்ததும் சுவர் போயிடுது, தண்ணி பரவிடுது, ஆழம் கொறஞ்சிடுது, பாதி தண்ணிய கீழ இருக்குற மண்ணே குடிச்சிடும். சுமக்குற தெம்பு போச்சு. மொதல்ல பெரிய கல்ல போட்டுடும், அப்புறம் குறுணக்கல், கடைசியா பொடி மண்ண விளிம்பு வரைக்கும் கொண்டு போய் விடும். சரிவு கொறையிறதாலதான் இப்படி ஆகுதுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, அது பாதிதான், சுவர் இல்லாம போறதுதான் பெரிய காரணம்.

சரி, ஆனா ஆறு ஒரு கோடு மாதிரிதான ஓடும், விசிறி எப்படி வந்துச்சு? இத நானே கண்ணால பாக்கணும்னு ஞாயித்துக்கெழம மாடியில ஒரு பெரிய ட்ரே வெச்சு, ரெண்டு செங்கல நடுவுல சந்து விட்டு நிறுத்தி, பின்னாடி பொடி மண்ணும் குறுணக்கல்லும் கலந்து குவிச்சு, சின்ன ட்யூப்ல தண்ணி விட்டேன். மொதல்ல எடது பக்கமா ஒரே ஒரு ஓடை. கொண்டு வந்த மண்ண போடப் போட அந்த ஓடையோட அடி மேல ஏறிக்கிட்டே வந்துச்சு, ஒரு கட்டத்துல பக்கத்துல இருக்குற தரைய விட ஓடை ஒசரமாயிடுச்சு, அவ்ளோதான், சந்து வாயிலயே ஒடச்சிக்கிட்டு பட்டுன்னு வலது பக்கம் திரும்பிடுச்சு. அங்கயும் மண்ணு சேந்ததும் நடுவுல பூந்துச்சு. ஒரு மணி நேரத்துல பத்து தடவைக்கு மேல மாறுச்சு அம்மு, கார் வைப்பர் மாதிரி ஒரே புள்ளிய புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு. ஆக நீ போட்டோல பாத்த விசிறி ஒரே வெள்ளத்துல வந்ததில்ல, ஆறு தானே நெரப்பி தானே விட்டுட்டுப் போன பழைய பாதைங்க எல்லாம் சேந்ததுதான் அது.

இதே விஷயம் பெருசா நடக்குற எடம் கோசி ஆறு. நேபாள மலையில இருந்து பீகார்ல எறங்கி ஒலகத்துலயே பெரிய விசிறிகள்ல ஒண்ண கட்டி வெச்சிருக்கு, இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனதுக்குள்ள 100 கிலோமீட்டருக்கு மேல மேக்கால நகந்து போச்சு. அப்புறம் மனுஷங்க ரெண்டு பக்கமும் கரை கட்டுனாங்க, மண்ணு வெளிய போக வழியில்லாம கரைக்குள்ளயே தங்கி ஆத்தோட அடி ஏறிடுச்சு. 2008 ஆகஸ்ட் 18 அன்னிக்கு குசஹாங்குற எடத்துல கரை ஒடஞ்சு ஆறு கெழக்கால தன் பழைய பாதைக்கே போயிடுச்சு, அந்தப் பாதையில அப்போ ஊர் ஊரா ஜனங்க இருந்தாங்க, லட்சக்கணக்கான பேர் வீடு வாசல விட்டு வெளியேற வேண்டியதாச்சு. ட்ரேல பாக்குறப்ப அழகா இருந்தது அங்க இப்படி ஆச்சு. விசிறி மேல ஆத்துக்கு நிரந்தர எடம்னு ஒண்ணு கெடையாது, வரைபடத்துல நாம போடுற நீலக் கோடு அன்னிக்கு ஒரு நாளுக்கான கோடுதான்.

இப்ப நான் ஆசையா சொல்ல வந்தது. இதே விசிறி செவ்வாய்லயும் இருக்கு. நாசா அனுப்புன க்யூரியாசிட்டி ரோவர் வண்டி 2012 ஆகஸ்ட்ல கேல் பள்ளத்துக்குள்ள எறங்குச்சுல்ல, பள்ளத்தோட வடக்கு சுவர்ல இருந்து எறங்கி வந்த ஒரு விசிறிக்குக் கிட்டத்துலதான் எறங்குச்சு. சில வாரத்துலயே, ஒடஞ்ச நடைபாதை ஸ்லாப் மாதிரி தூக்கிக்கிட்டு நின்ன ஒரு பாறைய படம் எடுத்துச்சு, அந்தப் பாறைக்குள்ள உருண்டையா வழுவழுன்னு கூழாங்கல்லு. மலையில இருந்து ஒடஞ்சு விழுற கல்லு முனை முனையாதான் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு மோதி உருண்டு ரொம்ப தூரம் வந்தாதான் முனை மழுங்கும், அந்த சைஸ் கல்ல காத்து தூக்கிட்டு வரவும் முடியாது. அப்போ தண்ணிதான். கணுக்காலுல இருந்து இடுப்பு வரைக்கும் ஆழம், நாம நடக்குற வேகம், இதெல்லாம் அந்தக் கல்லு சைஸ வெச்சே கணக்கு போட்டாங்க! அத மொத மொத படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் வேற வேல ஓடல.

சனியோட நிலா டைட்டன்லயும் ரேடார்ல விசிறி தெரிஞ்சிருக்கு. அங்க மைனஸ் 179 டிகிரி குளிரு, ஓடுறது தண்ணி இல்ல, திரவ மீத்தேன், கூழாங்கல்லே பனிக்கட்டிதான். 2005 ஜனவரில ஹைகன்ஸ்ங்குற விண்கலம் அங்க எறங்கி எடுத்த படத்துல அதுவும் உருண்டையாதான் கெடந்துச்சு.

ட்ரேய நான் கலைக்காம விட்டுட்டேன். நாலு நாள் வெயில்ல காஞ்சு, மேல இருந்த பொடி மண்ண காத்து கொண்டு போயிடுச்சு. குறுணக்கல்லு படிஞ்ச ஓடைங்க மட்டும் காத்துக்கு அசையாம லேசா மேடு மேடா நிக்குது, பள்ளமா இருந்த பாதையெல்லாம் இப்ப வரப்பு மாதிரி. செவ்வாய்ல சஹேகி பள்ளத்துல இருக்குற விசிறியும் இதே மாதிரிதான், கோடிக்கணக்கான வருஷம் காத்து அரிச்சு பழைய ஓடைங்க வரப்பா நிக்குது, மேல இருந்து படம் எடுத்தா எது எது மேல ஓடுச்சுன்னு வரிசைய படிக்கலாம். நீ அனுப்புன போட்டோலயும் வலது ஓரத்துல மங்கலா ரெண்டு கோடு ஒண்ண ஒண்ணு வெட்டுது, பாத்தியா? அதுல எது பழசுன்னு எனக்கு புடிபடல, ஒரிஜினல் பைல் இருந்தா அப்படியே சுருக்காம அனுப்பு.

அப்பா