94 ரன்னில் தொடங்கிய கதை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு நான்தான் போட்டுவிடுகிறேன். உன் பையன் கோச்சிங்கில் சேர்ந்து விக்கெட் கீப்பிங் பழகுகிறான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒரு வரி எழுதியிருந்தாயே, "ஆசியக் கோப்பை என்ன பெரிய கோப்பை, எப்பவும் இந்தியாதானே ஜெயிக்குது" என்று! அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. 17 முறை நடந்ததில் 9 முறை நாம்தான் ஜெயித்தோம், சரி. இலங்கை 6, பாகிஸ்தான் 2. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்தப் போட்டி செய்த நல்ல காரியம் கண்ணிலேயே படாது. சின்ன அணிகள் பெரிய அணிகளிடம் அடி வாங்கி, அடி வாங்கியே ஆடக் கற்ற இடம் அது.

கபில்தேவ் அணி லார்ட்ஸில் உலகக் கோப்பையைத் தூக்கிய சில மாதங்களில், 1983 செப்டம்பரில், டெல்லியில் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் பிறந்தது. எல்லாவற்றையும் இங்கிலாந்தே முடிவு செய்துகொண்டிருந்த காலம். நம் சால்வே, பாகிஸ்தானின் நூர் கான், இலங்கையின் காமினி திசாநாயக்க, இந்த மூன்று கிரிக்கெட் வாரியத் தலைவர்களும் ஒன்றாக நின்றார்கள். அடுத்த ஏப்ரலில் ஷார்ஜாவில் முதல் ஆசியக் கோப்பை. மூன்று அணிகள், மூன்றே ஆட்டங்கள், ஃபைனல்கூடக் கிடையாது. உன் பையனுக்கு சுரிந்தர் கன்னாவைப் பற்றிச் சொல். கீப்பர், ஓப்பனரும்கூட. இந்தியா ஆடிய இரண்டு ஆட்டத்திலும் அரைசதம் அடித்து தொடர் நாயகன் ஆனார். அந்த வருஷத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டமே முடிந்துபோனது. இப்படிப்பட்டவர்களின் பெயரும் குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும்.

1986-ல் இலங்கையில் நடந்தபோது, அந்த நாட்டு கிரிக்கெட்டோடு உறவு கசந்திருந்ததால் இந்தியா போகவில்லை. அந்த வருஷம்தான் வங்கதேசம் உள்ளே வந்தது. மார்ச் 31, மொரட்டுவை மைதானம், எதிரே இம்ரான் கானின் பாகிஸ்தான். வங்கதேசத்தின் முதல் ஒருநாள் ஆட்டமே அதுதான். வாசிம் அக்ரம் 4 விக்கெட் எடுத்தார். 94 ரன்னில் மொத்த அணியும் சுருண்டது. கடைசியில் கோப்பையை வாங்கியது இலங்கை. முதல் டெஸ்ட் ஆடி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது அவர்களுக்கு.

யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதுதான் பல வருஷம் பேச்சாக இருந்தது. 1990-91-ல் இந்தியாவில் நடந்தது, பாகிஸ்தான் வரவில்லை. ஈடன் கார்டன்ஸ் ஃபைனலில் கபில்தேவ் ஹாட்ரிக் எடுத்தது அந்தத் தொடரில்தான். 1993-ல் போட்டியே ரத்து. 2023-ல் பாகிஸ்தான் நடத்தியது, இந்தியாவின் ஆட்டங்கள் எல்லாம் இலங்கையில். இத்தனைக்கு நடுவிலும் போட்டி நின்றுபோகாமல் ஓடியதே எனக்குப் பெரிய விஷயம்.

இலங்கையோடு ஆடிய 2008 கராச்சி ஃபைனலை நினைத்துப் பார். 274 அடிக்க வேண்டும். சேவாக் 36 பந்தில் 60 அடித்து வெளுத்துக்கொண்டிருந்தார். பந்தை வாங்கினார் அஜந்தா மெண்டிஸ். கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி நடுவிரலை மடக்கி ஒரு சுண்டு. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்த முதல் ஓவரிலேயே சேவாக் ஸ்டம்பிங், யுவராஜ் போல்டு. 8 ஓவரில் 13 ரன் கொடுத்து 6 விக்கெட். நாம் 100 ரன்னில் தோற்றோம். தோற்றாலும் அந்தப் பந்துவீச்சை இன்றைக்கும் ரசித்துப் பார்ப்பேன். அதே இலங்கைக்கு எதிராக 2010 தம்புள்ளை ஃபைனலில் நம் தினேஷ் கார்த்திக் 66 அடித்து ஆட்ட நாயகன் ஆனபோதுதான் அந்தக் கடன் தீர்ந்தது.

மறுபடி வங்கதேசத்துக்கு வருகிறேன், என் மனசு முழுக்க அங்கேதான். 2012-ல் மிர்பூரில் சச்சின் 100-வது சதம் அடித்தார், நாம் கொண்டாடினோம். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது அவர்கள். ஃபைனலில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், 6 தான் வந்தது. 2 ரன்னில் தோல்வி. கேப்டன் முஷ்ஃபிகுர் சக ஆட்டக்காரர்களைக் கட்டிக்கொண்டு மைதானத்திலேயே அழுதார். 2016 ஃபைனலில் நம்மிடம் தோல்வி. 2018 துபாய் ஃபைனலில் லிட்டன் தாஸ் 121 அடித்தும், தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஓடிய கேதார் ஜாதவ் கடைசிப் பந்தில் லெக் பை எடுத்து நம்மை ஜெயிக்க வைத்தார்.

அதே 2018-ன் முதல் ஆட்டத்தில், இலங்கைக்கு எதிராக, வங்கதேச ஓப்பனர் தமீம் இக்பாலுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுத் திரும்பியவர், 9 விக்கெட் போனதும் மட்டையோடு வந்தார். அடிபட்ட கையை உடம்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஒரே ஒரு பந்தைத் தடுத்தார். எதிர்ப்பக்கம் இருந்த முஷ்ஃபிகுர் அதற்குப் பிறகு 32 ரன் சேர்த்தார். 1986-ல் 94-க்குச் சுருண்ட அணியின் வாரிசுகள் இவர்கள்!

அவர்கள் ஆண்கள் அணிக்குக் கிடைக்காத கோப்பை, அவர்கள் பெண்களுக்குக் கிடைத்தது தெரியுமா? 2018 ஜூன், கோலாலம்பூர். அதுவரை நடந்த ஆறு பெண்கள் ஆசியக் கோப்பையும் இந்தியாவுடையது. ஃபைனலின் கடைசிப் பந்தில் இரண்டு ரன் ஓடி எடுத்து வங்கதேசப் பெண்கள் நம்மைத் தோற்கடித்தார்கள். 2024-ல் தம்புள்ளையில் சமரி அத்தபத்து தலைமையில் இலங்கைப் பெண்களும் அதையே செய்தார்கள்.

2022-ஐயும் சேர்த்துக்கொள். பொருளாதார நெருக்கடியால் சொந்த மண்ணில் நடத்த முடியாமல் போட்டியை அமீரகத்துக்கு மாற்றிய இலங்கை, முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 105-க்கு ஆல் அவுட். ஃபைனலில் 58-க்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து ராஜபக்ச, ஹசரங்க தூக்கி நிறுத்தி, பாகிஸ்தானை 23 ரன்னில் ஜெயித்தது.

2025 பற்றிக் கேட்டிருந்தாய். 41 வருஷத்தில் முதன்முறையாக இந்தியாவும் பாகிஸ்தானும் ஃபைனலில் மோதின. திலக் வர்மாவின் 69 அருமையான ஆட்டம். பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலின் வலி எனக்கும் உண்டு. இருந்தாலும் நம் ஆட்டக்காரர்கள் பாகிஸ்தான் அணியோடு கை குலுக்காமல் போனதும், ஜெயித்த நம் அணி கோப்பை இல்லாமலேயே கொண்டாடியதும் மனசை அறுத்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் சேர்ந்து கட்டிய போட்டி மச்சான் அது.

அடுத்தது 2027-ல் வங்கதேசத்தில், 50 ஓவர் ஆட்டமாக, என்று திட்டம். இந்தியா ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம்தான். மிர்பூரில் வங்கதேசம் ஜெயித்தால் அதைவிடச் சந்தோஷப்படுவேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. பையனுக்கு நல்ல கீப்பிங் கிளவுஸ் வாங்கிக் கொடு, அளவு பார்த்து வாங்கு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்