லாக் புக்கைக் கேட்டால் மட்டும் காட்டு

கண்ணம்மாவுக்கு,

மைசூரு ஏ.எஃப்.எஸ்.பி.யிலிருந்து, அதான் விமானப்படைத் தேர்வு வாரியத்திலிருந்து, அழைப்பு வந்துவிட்டது என்று நீ சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் இது.

உனக்கு 25 ஆகிவிட்டது. பறக்கும் பிரிவுக்கு வயது வரம்பு 24. நடப்பில் உள்ள சி.பி.எல்., அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 26 வரை விடுகிறார்கள். ஆக, நிலத்தை விற்று நீ சேர்த்த 200 மணி நேரம் வாங்கிக் கொடுத்திருப்பது அந்த இரண்டு வருடத்தைத்தான். மெடிக்கல் சர்டிஃபிகேட் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பார். லைசென்ஸ் நடப்பில் இல்லையென்றால் அந்தச் சலுகையும் போச்சு.

கம்ப்யூட்டரில் வைக்கும் பைலட் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான். செஸ்னா விமானம் ஓட்டியவள் என்று விலக்கு கிடையாது. அப்புறம் தொடையின் நீளத்தைக்கூட அளப்பார்கள், 64 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இஜெக்‌ஷன் சீட் ஆபத்தில் உன்னை வெளியே தூக்கியெறியும்போது முழங்கால் இடிக்கும். அதில் உனக்குக் கவலையில்லை.

நான் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தபோது, பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்கும் அங்குள்ள பயிற்சியாளர் பள்ளிக்கு வருபவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட் என்று ஓட்டித் தள்ளியவர்கள். அவர்களைக் கிரண் பயிற்சி விமானத்தில் வலப்பக்கமுள்ள பயிற்சியாளர் சீட்டில் உட்காரவைத்து, கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பார்கள். அதற்கு ‘பேட்டர்’ என்று பெயர். இத்தனை வருடம் தானாகச் செய்ததைச் சொல்லச் சொன்னதும் திணறிப்போவார்கள். ஒரு ஸ்குவாட்ரன் லீடர் தினமும் விமானத்தைச் சுற்றி நடந்தபடி, இல்லாத மாணவனுக்குப் பாடம் சொல்லுவார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயருக்குக் காற்று பார்ப்போம். அவர் எங்களைப் பார்ப்பார், நிறுத்த மாட்டார்.

துண்டிகல் விமானப்படை அகாடமியில் உனக்கும் அதுதான் நடக்கும், தலைகீழாக. பயணிக்கு அலுங்காமல் திருப்பத்தான் உன் கை பழகியிருக்கிறது. அங்கே பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திருப்பு என்பார்கள். அதற்கே உன் எடை இரண்டு மடங்காகிவிடும். ரன்வேயைச் சுற்றி அகலமாகச் சதுரம் போட்டு இறங்கிப் பழகிய நீ, ஒரே வளைவில் ரன்வேக்கு வர வேண்டும். ஒன்றும் தெரியாத பையன் சொன்னதை அப்படியே செய்துவிடுவான். உன் கை முந்திக்கொண்டு பழையதைச் செய்யும். “எங்கள் ஃபிளையிங் கிளப்பில் இப்படித்தான் சார்” என்று மட்டும் வாய் திறக்காதே.

கிளப்பில் பறந்தவர்களைப் படை மட்டமாக நினைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். சென்னையிலேயே கடலோரக் காவலுக்கு ஒரு பிரிவு அப்படி உருவானது. 1971 போரில் விமானப்படைத் தளபதியாக இருந்த பி.சி. லாலும் அப்படி வந்தவர்தான்.

இன்டர்வியூவில் “ஏன் ஏர்லைனுக்குப் போகவில்லை?” என்று கேட்காமல் விட மாட்டார்கள். ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டிய பிறகு ஒரு கம்பெனி உன்னை எட்டு மாதம் காக்கவைத்ததை மறைக்காதே. ஆனால் அது ஒன்றே காரணமென்றால் போகாதே. குறுகிய காலப் பணி 14 வருடம், பென்ஷன் கிடையாது. வேலை கிடைக்காத கோபம் 14 வருடத்துக்கு வராது. வேறு காரணம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் நீ என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் போன கிரணைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாய். அதை அவர்களிடம் சொல்லுவாயோ மாட்டாயோ, உன் இஷ்டம்.

முதல் நாள் சாயங்காலமே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். ரிட்டர்ன் டிக்கெட் போடாதே. நீ எப்போது கூப்பிட்டாலும் நான் மைசூரு வருகிறேன்.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பறந்த மணிக்கணக்கு எழுதிய லாக் புக்கைப் பையின் அடியில் வை, கேட்டால் மட்டும் எடு.

அப்பா