பள்ளித் தோட்டத்துக் கள்ளிகள்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவருக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு பிள்ளையின் கண்ணில் கள்ளிப்பால் பட்டுவிட்டதால், வரும் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் (எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலையில்), பள்ளித் தோட்டத்தில் பால் வடிகிற செடி எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறோம், பிள்ளைகளும் வந்து கைகொடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. தயவு செய்து பிள்ளைகளை அழைக்காதீர்கள். கள்ளி சும்மா நிற்கும்போது யாரையும் ஒன்றும் செய்யாது. ஒடிக்கும்போதும் வெட்டும்போதும் பிடுங்கும்போதும்தான் பால் தெறிக்கும். ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டதற்காக மற்ற எல்லாப் பிள்ளைகளையும் அந்தப் பாலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதா?

அன்று நடந்ததற்குக் காரணம் பாலர் பள்ளி வேலியோரம் நிற்கும் திருகுக்கள்ளி. இலையே தெரியாமல், பென்சில் தடிப்பில் பச்சைக் குச்சி குச்சியாக வளர்கிறதே, அதுதான். பார்த்தாலே சின்னப் பிள்ளைக்கு ஒடிக்கத் தோன்றும். அதன் பால் பட்டால் கருவிழி புண்ணாகும். சில மணி நேரம் கழித்துக்கூட வலி ஏறும்.

சுங்கை சிப்புட்டில் நம்மில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பம். ரப்பர் பால் விரலில் காய்ந்தால் உருட்டி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். அதனாலோ என்னவோ, செடிப்பால் என்றால் நமக்குப் பயமே இல்லை. 1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட ரப்பரும், கொல்லையில் நிற்கும் மரவள்ளியும், ஆமணக்கும், கள்ளியும் ஒரே தாவரக் குடும்பம்தான். ஆனால் கள்ளிப்பாலில் தோலையும் கண்ணையும் எரிக்கும் பொருள் இருக்கிறது. பால்மரத்து அனுபவம் இங்கே உதவாது.

சரி, திருகுக்கள்ளி போகட்டும். பள்ளி இல்லாத நாளில், பெரியவர்கள் மட்டும், ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுவோம். வெட்டியதை எரிக்க வேண்டாம், புகையும் கண்ணைக் கரிக்கும். கால்வாய் ஓரம் வீசினால் அங்கேயே வேர்விட்டு வளரும். தப்பித்தவறி கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு, வலி இல்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், அலுவலகத்துக்கு எதிரே சட்டிகளில் உள்ள முள்முடிச் செடிகள். அவையும் ஒரு வகைக் கள்ளிதான். அவற்றை விட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, நம் வெயிலில் வருடம் முழுக்கப் பூக்கிறது. அதற்கும் பால் உண்டுதான். ஆனால் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை ஒடிக்கப் போகிறது? சட்டிகளை உயரமான திண்ணைக்கு மாற்றி, ‘தொடாதே’ என்று எழுதி வைத்தால் போதும். இப்போது அவை அழுகி நிற்பதற்குக் காரணம் நோய் அல்ல, தினமும் ஊற்றுகிற தண்ணீர். நம் பேரா மாநிலத்தில் பெய்கிற மழையே அதற்கு அதிகம். மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, சட்டியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் பிழைத்துவிடும்.

அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செடி நம் பள்ளியில் இல்லை. சிவப்பாக இரண்டு இதழ் மாதிரி தெரிகிறதே, அவை இதழே அல்ல, பூவடி இலைகள். நடுவில் கடுகு அளவுக்கு மஞ்சளாக இருப்பதற்குள்தான் உண்மையான பூக்கள் ஒளிந்திருக்கின்றன. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டுமே.

வெள்ளிக்கிழமைக்குள் தகவலை மாற்றி அனுப்புங்கள். திருகுக்கள்ளியை வெட்ட நானும் என் வீட்டுக்காரரும் வருகிறோம். கையுறையும் கண்ணாடியும் எங்களிடமே இருக்கின்றன. சட்டி மாற்ற மணலும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
சுங்கை சிப்புட்